விறகடுப்பு வடிவமைப்பும் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விறகு, சுள்ளி, சருகு, விராட்டி, கரி ஆகியவற்றை எரித்துச் சமைப்பவர்கள் உலகில் இன்னும் ஏறத்தாழ 200 கோடிப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் நிறையும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்த அடுப்புகளை மேம்படுத்த விரும்புவோர், முதன்முதலாக ஒன்றைக் கட்டிப் பார்க்கப் போகிறவர்கள், சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மூன்று கல் அடுப்பில் அப்படி என்ன குறை?

நினைப்பதைவிடக் குறைவுதான். விறகில் உள்ள ஆற்றலில் 10 முதல் 15 விழுக்காடு வரை பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். காற்றில்லாத இடத்தில், காய்ந்த விறகை நுனி நுனியாகத் தள்ளிப் பொறுமையாக எரித்தால் அது 20 விழுக்காட்டையும் தொடும். செலவே இல்லை, எந்த அளவுப் பாத்திரமும் உட்காரும், எவ்வளவு நீளமான கட்டையையும் வைக்கலாம், சுற்றி உட்கார்ந்து குளிர்காயலாம், வெளிச்சமும் கிடைக்கும். புதிய அடுப்பு போட்டியிட வேண்டியது இத்தனை வசதிகளோடும்தான். 'பழமையானது, வீணானது' என்று மூன்று கல் அடுப்பை ஒதுக்கிவிட்டு வரைபலகையில் உட்கார்ந்த பலருடைய அடுப்புகள் பின்னால் கோழி அடைக்கும் கூண்டாக மாறியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அதன் உண்மையான குறைகள் இரண்டு. புகை முழுவதும் எரியாமல் வெளியேறுகிறது. எரிந்து கிடைத்த சூட்டிலும் பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கமே போகாமல் காற்றோடு போய்விடுகிறது.

அப்படியானால் நல்ல அடுப்பு என்றால் என்ன?

அடுப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. விறகை முழுமையாக எரிப்பது ஒன்று. எரிந்த சூட்டைப் பாத்திரத்தில் சேர்ப்பது மற்றொன்று. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். பல சமயம் ஒன்றுக்கொன்று எதிரானவையும்கூட.

பாத்திரத்தைத் தீக்கு மிக அருகில் இறக்கினால் சூடு நன்றாகச் சேரும். ஆனால் எரிந்து முடியாத சுடர் குளிர்ந்த அடிப்பாகத்தில் பட்டு அணைந்துபோகும். அடியில் கரி அப்பும், கண் எரியும். பாத்திரத்தை உயரத் தூக்கினால் சுடர் முழுதாக எரிந்து புகை குறையும். ஆனால் சூடு பக்கவாட்டில் தப்பிவிடும். விறகை மிச்சம் பிடிக்கும் அடுப்பெல்லாம் புகையைக் குறைக்கும் என்றும், புகையில்லாத அடுப்பெல்லாம் விறகை மிச்சம் பிடிக்கும் என்றும் நினைப்பது தவறு. சோதிக்கும்போது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

புகை எதனால் வருகிறது?

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது அதன் எடையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு ஆவியாகவும் வாயுக்களாகவும் பிரிந்து வெளியேறுகிறது. மீதி கரியாக நிற்கிறது. நாம் சுடர் என்று பார்ப்பது அந்த வாயுக்கள் எரிவதைத்தான். புகை என்பது எரிய வாய்ப்புக் கிடைக்காத எரிபொருள்.

அது எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், போதிய காற்று வேண்டும், காற்றும் வாயுவும் நன்றாகக் கலக்க வேண்டும், கலந்தது சற்று நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்க வேண்டும். வெப்பம், காற்று, கலப்பு, நேரம் என்ற இந்த நான்கில் பெரும்பாலான அடுப்புகள் தவறுவது கலப்பில். எரியறைக்குள் காற்று போதுமான அளவு இருக்கும். ஆனால் ஒரு பக்கமாகக் குளிர்ந்த காற்றும் மறுபக்கமாக எரியாத வாயுவும் அருகருகே ஓடி, ஒன்றையொன்று தொடாமலே வெளியேறிவிடும்.

களிமண்ணில் கனமாகக் கட்டினால் சூடு உள்ளேயே தங்கும் அல்லவா?

தங்கும். மண்ணுக்குள் தங்கும். நமக்கு அது பாத்திரத்துக்குள் அல்லவா வேண்டும்!

இது அடுப்புத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம். 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு குவாதமாலாவில் மணலும் களிமண்ணும் கலந்த 'லொரேனா' என்ற பெரிய அடுப்பு பரவியது. அழகானது, புகைபோக்கி உடையது, உள்ளூர் மண்ணிலேயே கட்டக்கூடியது. விறகைப் பாதியாகக் குறைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பின்னர் முறையாக அளந்து பார்த்தபோது, பல சமயங்களில் அது திறந்த தீயைவிட அதிக விறகு தின்பது தெரிந்தது. நூற்றுக்கணக்கான கிலோ மண்ணைச் சூடேற்றிய பிறகுதான் பாத்திரத்துக்கு முறை வந்தது.

சூட்டைத் தடுப்பது கனம் அல்ல. பொருளுக்குள் சிறைப்பட்ட காற்று. சலித்த மர சாம்பல், எரிமலை நுரைக்கல், வெர்மிகுலைட், பெர்லைட் என்ற சூட்டில் உப்பிய இலகுவான கனிமங்கள், மரத்தூள் கலந்து சுட்ட எடை குறைந்த செங்கல் ஆகியவை நல்ல வெப்பத்தடுப்பு. எளிய சோதனை ஒன்று உண்டு: சுட்ட செங்கல்லைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் எரியறைக்கு ஏற்றது. மூழ்கினால் அதைச் சுற்றுச்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் ஓயாமல் எரியும் பெரிய சமையற்கூடத்தில் கனமான அடுப்பின் குறை ஓரளவு மறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை சூடேறிய மண் பிறகு அதிகம் குடிக்காது. காலையில் அரை மணி, மாலையில் ஒரு மணி என்று எரியும் வீட்டு அடுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

ராக்கெட் அடுப்பு எப்படி வேலை செய்கிறது?

லேரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1980-களின் தொடக்கத்தில், ஓரிகான் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் உருவாக்கிய வடிவம் இது. முழங்கை போல வளைந்த குழாய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படுக்கைவாட்டப் பகுதியில் விறகு நுழைகிறது. செங்குத்துப் பகுதி ஒரு சிறு புகைபோக்கியாக நின்று காற்றை இழுக்கிறது. சுற்றிலும் வெப்பத்தடுப்பு. மேலே பாத்திரம்.

அடுப்பு வாய்க்குள் பாதி உயரத்தில் ஒரு தட்டு இருக்கும். விறகு அதன்மேல், காற்று அதன்கீழ். அந்தத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வாய் நிறைய விறகைத் திணிப்பவர்களைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்போது காற்று விறகுக்கு அடியிலிருந்து தணலின் ஊடே வராமல், மேலாகக் குளிர்ந்தபடியே நுழைந்து சுடரைத் தணித்துவிடும். விறகின் நுனி மட்டும் எரிய வேண்டும். நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு வாயு வெளிவருகிறது என்பது எவ்வளவு நுனி சூடேறுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே விறகைத் தள்ளும் கைதான் இந்த அடுப்பின் விசை.

பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பாத்திரத்தில் சேரும் சூட்டில் பெரும்பங்கு, அதை உரசிக்கொண்டு போகும் சூடான காற்றிலிருந்து வருகிறது. காற்று எவ்வளவு நெருக்கமாக உரசுகிறதோ அவ்வளவு சூடு இறங்கும். 1980-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் அடுப்புகளை ஆராய்ந்த சாமுவேல் பால்ட்வின், இந்த இடைவெளியில் சில மில்லிமீட்டர் மாறினாலே திறன் வெகுவாக மாறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அதற்காக ஒரேயடியாக இறுக்கினால் இழுவை குறைந்து புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பும்.

தொடக்கப் புள்ளிக்கு ஒரு கணக்கு உதவும்: காற்று போகும் வழியின் பரப்பு எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 12 செ.மீ. விட்டமுள்ள வட்ட எரியறையின் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. அதன் சுற்றளவு 37.7 செ.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3 செ.மீ. எரியறையின் விளிம்புக்கு நேர்மேலே பாத்திரத்தின் அடி இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். பாத்திரத்தின் விட்டம் 24 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு 75.4, 113-ஐ இதால் வகுத்தால் 1.5 செ.மீ. அதாவது நடுவில் 3 செ.மீ. இருந்த இடைவெளி ஓரத்துக்கு வரும்போது பாதியாகக் குறையலாம். பாத்திரத்தின் பக்கங்களைச் சுற்றித் தகட்டு வளையம் வைத்தால் அங்கேயும் இதே கணக்குதான்.

அங்கிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அடுப்பு வாயில் புகை திரும்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். செலவு குறைந்த திருத்தங்களில் இந்தத் தகட்டு வளையத்துக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சிக்கல் ஒன்றுதான்: வளையம் ஒரே அளவுப் பாத்திரத்துக்குத்தான் பொருந்தும். வீட்டில் நான்கு அளவுப் பாத்திரங்கள் இருந்தால், அடுப்பில் அதிகம் ஏறும் பாத்திரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குச் செய்யுங்கள்.

மேலிருந்து கீழாக எரியும் அடுப்பு என்கிறார்களே, அது என்ன?

உருளையான கலத்தில் சுள்ளிகளையோ பெல்லட்டையோ (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள்) நிரப்பி உச்சியில் தீ வைப்பார்கள். தீ மெல்லக் கீழே இறங்கும். அதன் சூட்டில் பிரியும் வாயுக்கள் மேலெழுந்து, கலத்தின் மேற்பகுதித் துளைகள் வழியாக வரும் இரண்டாம் காற்றோடு கலந்து எரியும். அடியில் வரும் முதல் காற்று வாயுவின் அளவைத் தீர்மானிக்கிறது. மேலே வரும் இரண்டாம் காற்று அதை எரித்து முடிக்கிறது. தாமஸ் ரீட், பால் வெண்டல்போ இருவரும் 1980-களில் தனித்தனியே இந்த முறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சரியான எரிபொருள் கிடைத்தால் சுடர் மிகத் தூய்மையாக இருக்கும். முடிவில் நல்ல கரியும் கிடைக்கும். போட்ட எரிபொருளின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நடுவில் எரிபொருள் சேர்ப்பது கடினம். எரிபொருளைச் சிறு துண்டுகளாக, ஒரே அளவாக வெட்ட வேண்டும். சுடர் அணைந்துவிட்டால் வாயு எரியாமல் அடர்புகையாகக் கொட்டும். நீண்ட நேரம் வேக வேண்டிய சமையலுக்கு இது பொருந்துமா என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

சிறு விசிறி வைத்து இரண்டாம் காற்றை வேகமாகப் பீய்ச்சினால் கலப்பு வெகுவாக மேம்படும். பெல்லட்டில் எரியும் விசிறி அடுப்புகள்தான் விறகு வகை எரிபொருள்களில் எரிவாயு அடுப்பின் தூய்மைக்கு மிக அருகில் வருபவை. பாட்டரி, மின்னேற்றம், விசிறி மோட்டார் என்று பழுதாகக்கூடிய உறுப்புகள் கூடிவிடுவது அதற்கான விலை. பழுது நீக்க அருகில் ஆள் இல்லாத இடத்தில் இதைப் பரப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எரியறையை இரும்புத் தகட்டில் செய்யலாமா?

மாதிரி அடுப்புக்குச் செய்யலாம். விற்பதற்கு வேண்டாம். வெப்பத்தடுப்பு நன்றாக இருக்கும் எரியறைக்குள் சாதாரண இரும்புத் தகடு சில மாதங்களிலேயே செதில் செதிலாக உரிந்து ஓட்டை விழும். வெப்பத்தடுப்பு எவ்வளவு சிறப்பாக இருக்கிறதோ தகடு அவ்வளவு விரைவில் போகும். குரோமியமும் நிக்கலும் அதிகமுள்ள எவர்சில்வர் வகைகளோ, இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவையோ தாங்கும், விலை அதிகம். சுட்ட ஓடும் எடை குறைந்த செங்கல்லும் சூட்டைத் தாங்கும், ஆனால் விறகு மோதி உடையும். எதைத் தேர்ந்தாலும் எரியறையை மட்டும் தனியே கழற்றி மாற்றும்படி வடிவமைத்துவிடுங்கள்.

புகைபோக்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

அறைக்குள் இருக்கும் புகை வெகுவாகக் குறையும். புகையை உண்டாக்காமல் இருப்பதும் உண்டான புகையை வெளியே அனுப்புவதும் வேறு வேறு. வெளியே போன புகை சன்னல் வழியாக, கூரை இடுக்கு வழியாக உள்ளே திரும்பும்; பக்கத்து வீட்டுக்கும் போகும். இழுவை அதிகமானால் சூடும் சேர்ந்தே வெளியேறும். குழாயில் படியும் தாரையும் கரியையும் துடைக்காவிட்டால் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். மூடிய சமையலறைக்குப் புகைபோக்கி தேவைதான். தூய்மையாக எரியாத அடுப்பின் குறையை மறைக்க அதை வைக்காதீர்கள்.

நீர் கொதிப்புச் சோதனையை எப்படிச் செய்வது?

ஆய்வகச் சோதனைகளில் மிகப் பழக்கமானது இது. 1980-களிலிருந்து பல வடிவங்களில் வழங்கி வருகிறது. நிறுத்து வைத்த விறகில், நிறுத்து வைத்த தண்ணீரை (வழக்கமாக 5 லிட்டர்) கொதிக்கவைத்து, மீந்ததையெல்லாம் மறுபடி நிறுப்பார்கள். குளிர்ந்த அடுப்பில் ஒருமுறை, சூடான அடுப்பில் ஒருமுறை. பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 45 நிமிடம் தீயைத் தணித்து வைத்திருப்பது.

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். 5 கிலோ தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.186 கிலோஜூல் வேண்டும். ஆக 5 × 4.186 × 75 = சுமார் 1,570 கிலோஜூல். இதற்குள் 300 கிராம் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வீதம் 678. மொத்தம் 2,248. எரித்த விறகு 600 கிராம். அதில் இருந்த ஈரத்தைக் கழித்த பிறகு கிலோவுக்கு 16 மெகாஜூல் என்று வைத்தால் 9,600 கிலோஜூல். 2,248-ஐ 9,600-ஆல் வகுத்தால் 23.4 விழுக்காடு. இதுவே அடுப்பின் திறன்.

இனி அடுப்பில் மீந்த 50 கிராம் கரியைப் பாருங்கள். கரியில் கிலோவுக்குச் சுமார் 29 மெகாஜூல் உண்டு. 50 கிராமுக்கு 1,450 கிலோஜூல். 'அது இன்னும் எரியவில்லை, எனவே கழித்துவிடுவோம்' என்றால் வகுக்கும் எண் 8,150 ஆகிறது, திறன் 27.6 விழுக்காடு ஆகிவிடுகிறது. அடுப்பு அதே அடுப்பு, தீ அதே தீ. ஓர் அறிக்கையில் திறன் என்று ஒரு எண்ணைப் பார்த்தால், கரியைக் கழித்ததா கழிக்காததா என்று கேளுங்கள். அந்த வீட்டார் மீந்த கரியை எடுத்து மறுபடி எரிப்பார்கள் என்றால் கழிப்பது நியாயம். சாம்பலோடு கொட்டுவார்கள் என்றால் 23.4 தான் உண்மை.

இன்னொரு எச்சரிக்கை. ஆவியான தண்ணீரையும் இந்தக் கணக்கு பயனுள்ள வேலையாக எடுத்துக்கொள்கிறது. தீயைத் தணிக்க முடியாமல் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அறை முழுக்க ஆவி நிரப்பும் அடுப்பு, கடைசிக் கட்டத்தில் அதிகத் திறன் காட்டும்; மெல்ல வேகவைக்கும் நல்ல அடுப்பு குறைவாகக் காட்டும். அந்தக் கட்டத்துக்குத் திறனைப் பார்க்காமல், எத்தனை கிராம் விறகு செலவானது என்று பாருங்கள்.

நீர் கொதிக்கும் வெப்பநிலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறையும். உங்கள் இடத்தின் கொதிநிலையைச் சோதனைக்கு முன்பே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 100 டிகிரிக்காகக் காத்திருந்தால் மலைப்பகுதியில் தண்ணீர் முழுவதும் வற்றினாலும் வராது.

விறகின் ஈரப்பதத்தைப் பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். பத்து விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் தரும். முப்பது விழுக்காடு ஈரமுள்ளது 12 தான் தரும். இழப்பு இதோடு நிற்பதில்லை. ஈரத்தை ஆவியாக்கும் வேலையில் எரியறை குளிர்ந்துபோவதால் புகையும் பெருகும்.

ஈரத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள் என்பதில் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கிலோ விறகில் 200 கிராம் தண்ணீர் இருந்தால், மொத்த எடையில் 20 விழுக்காடு. ஆனால் உலர்ந்த எடையான 800 கிராமோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு. கையில் பிடிக்கும் ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான் காட்டும். சந்தேகம் வந்தால் 105 டிகிரி உலர் அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள்.

எத்தனை முறை சோதித்தால் போதும்?

மூன்று முறை என்பது வழக்கம். அது போதாது. மூன்று சோதனைகளின் சராசரி 28 விழுக்காடு, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 3 என்று வையுங்கள். 95 விழுக்காடு நம்பகத்தோடு சொல்ல வேண்டுமானால் உண்மையான திறன் 20.5-க்கும் 35.5-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். அதே சிதறலோடு ஒன்பது முறை சோதித்தால் அந்த வரம்பு 25.7 முதல் 30.3 வரை சுருங்கும். இரண்டு அடுப்புகளுக்கு இடையே மூன்று விழுக்காடு வேறுபாடு என்று பெருமையோடு அறிவிக்கும் பல ஒப்பீடுகளில், அந்த வேறுபாடு அடுப்பில் இல்லை. அன்றைக்கு விறகு தள்ளியவரின் கையில் இருக்கிறது.

சர்வதேசத் தர அளவுகோல் ஏதாவது இருக்கிறதா?

2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19867-1 ஆய்வகச் சோதனையை வரையறுக்கிறது. வெப்பத்திறன், நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, பாதுகாப்பு, நீடித்த உழைப்பு ஆகிய ஐந்தும் தனித்தனியே அளக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை படிநிலை. வெப்பத்திறனில் 20 விழுக்காடு இரண்டாம் படி, 30 மூன்றாம் படி, 40 நான்காம் படி, 50 ஐந்தாம் படி. ஐந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்காமல் விட்டது மிகச் சரியான முடிவு. திறனில் நான்காம் படியில் இருக்கும் அடுப்பு நுண்துகளில் முதல் படியில் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியேற்ற வரம்புகளையும் தந்தது. புகைபோக்கி இல்லாத அடுப்பு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம் நுண்துகளுக்கும் 0.16 கிராம் கார்பன் மோனாக்சைடுக்கும் மேல் விடக்கூடாது. இந்த நுண்துகள் வரம்பை எட்டும் விறகடுப்பு மிக அரிது.

புகை பாதியாகக் குறைந்தால் நோயும் பாதியாகக் குறையுமா?

குறையாது. புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அல்ல. மிக அதிகமான புகையிலிருந்து பாதியாக இறங்குவதில் கிடைக்கும் பயன் சிறிது. கீழ்மட்டத்துக்கு வந்த பிறகு குறையும் ஒவ்வொரு பங்குக்கும் பயன் பெரிது. குவாதமாலாவில் புகைபோக்கி அடுப்புகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. குழந்தைகள் சுவாசித்த புகை ஏறத்தாழ பாதியானது. கடுமையான நிமோனியா குறைந்ததற்குச் சான்று கிடைத்தது. ஆனால் மருத்துவர் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து, விசிறி அடுப்பு கொடுத்த வீடுகளையும் கொடுக்காத வீடுகளையும் ஒப்பிட்டார்கள். நிமோனியாவில் வேறுபாடே தெரியவில்லை.

இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். விறகு சுமக்கும் தொலைவு குறைவதும், கண்ணெரிச்சல் நீங்குவதும், தீக்காயம் தவிர்வதும் அந்த வீட்டுப் பெண்களுக்கு உண்மையான நன்மைகள். நோயைக் குறைக்கும் என்று மட்டும், அளந்து பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கரி அடுப்பில் புகையே இல்லையே, அதைப் பரிந்துரைக்கலாமா?

கண்ணுக்குப் புகை தெரியாது. கார்பன் மோனாக்சைடு தெரியாமலே நிறையும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கினால் உயிர் போகும். கரி அடுப்பு தருகிறவர்கள் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் நன்றாக எரியும் அடுப்பு வீட்டில் ஏன் தோற்கிறது?

ஆய்வகத்தில் விறகு ஒரே தடிப்பில் அறுக்கப்பட்டு, காய்ந்து, எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. அடுப்பைப் பார்த்துக்கொள்வதே ஒருவருடைய முழு வேலை. வீட்டில் சமைப்பவரின் இடுப்பில் குழந்தை இருக்கிறது, மழையில் நனைந்த கட்டை இருக்கிறது, கட்டை அடுப்பு வாய்க்குள் போகாத அளவு தடிப்பாக இருக்கிறது. அதைப் பிளக்கக் கோடரி எடுக்க யாருக்கும் நேரம் இல்லை. எனவே கட்டையை அப்படியே வாயில் அடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். அது அவர் தவறு அல்ல. இந்த நிலைமையைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பின் தவறு.

ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் மண்ணால் ஆன புகைபோக்கி அடுப்புகளை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. விறகுச் செலவிலும் மாற்றம் தெரியவில்லை. அடுப்பு ஒழுங்காகப் பயன்படவில்லை; பழுது பார்க்கப்படவில்லை; பயன்பாடு காலப்போக்கில் குறைந்தும்போனது.

அப்படியானால் வீட்டில் எப்படிச் சோதிப்பது?

இரண்டு படிகள். முதலில், சமைப்பவர் தாம் வழக்கமாகச் செய்யும் உணவைத் தம் விறகில், தம் பாத்திரத்தில், பழைய அடுப்பிலும் புதிய அடுப்பிலும் மாற்றி மாற்றிச் சமைக்கட்டும். நீங்கள் விறகை நிறுத்து, நேரத்தைக் குறித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். 'விறகை இப்படித் தள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தச் சோதனை கெட்டது.

அடுத்தது, வீட்டின் அன்றாட விறகுச் செலவை அளப்பது. நாலைந்து நாட்கள் ஒரே நேரத்தில் போய் விறகுக் குவியலை நிறுக்க வேண்டும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். வளர்ந்த ஆண் 1, பெண் 0.8, பதினான்கு வயதுவரையுள்ள குழந்தை 0.5, அறுபதைத் தாண்டிய ஆண் 0.8 என்று கணக்கிட்டு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வருவிப்பார்கள். விருந்து நாட்களையும் விருந்தாளி வந்த நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

புதிய அடுப்பு வந்ததும் பழையது போய்விடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் எரியும். அடுப்பின் பக்கத்தில் சிறு வெப்ப உணரியைப் பொருத்தி வைத்தால் எந்த அடுப்பு எந்த நாளில் எவ்வளவு நேரம் எரிந்தது என்று பதிவாகும். வாய்வழிப் பதிலைவிட இது நம்பகமானது. அன்போடு வந்து கேட்பவரிடம் 'தினமும் எரிக்கிறோம்' என்று சொல்வது மனித இயல்பு.

கார்பன் வரவுக்காக அடுப்புத் திட்டங்கள் நடக்கின்றனவே, அந்தக் கணக்கு சரியா?

கார்பன் வரவு என்பது குறைத்த கார்பன் உமிழ்வுக்கு ஈடாகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, தான் ஆராய்ந்த அடுப்புத் திட்டங்கள் உண்மையான குறைப்பைப் போலச் சுமார் ஒன்பது மடங்கு வரவு பெற்றிருப்பதாகக் கண்டது. அடுப்பு எத்தனை நாள் எரிகிறது, பழைய அடுப்பும் சேர்ந்து எரிகிறதா, வெட்டிய மரங்களில் மீண்டும் வளராதவை எவ்வளவு என்ற இடங்களில்தான் கணக்கு ஊதிப் பெருக்கிறது. நேர்மையாக அளந்த திட்டங்களின் பெயரும் இதனால் கெடுகிறது என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போதுதான் தொடங்குகிறேன். முதலில் எதைச் செய்ய வேண்டும்?

வரையத் தொடங்காதீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, வெப்பமானி, ஈரமானி, கடிகாரம், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு பத்து வீடுகளுக்குப் போங்கள். இப்போது எரியும் அடுப்பில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் விறகு போகிறது, கட்டை எவ்வளவு தடிப்பு, எவ்வளவு ஈரம், பாத்திரத்தின் விட்டம் என்ன, தீ எத்தனை நிமிடம் உச்சத்தில் இருக்கிறது, எத்தனை நிமிடம் தணிந்து எரிகிறது என்று எழுதுங்கள். கிளறும்போது பாத்திரம் ஆடுகிறதா, சமைப்பவர் உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா என்றும் எழுதுங்கள். நின்று சமைப்பவருக்கு முழங்கால் உயர அடுப்பைக் கொடுத்துவிட்டுத் திறனை அளந்து பயனில்லை.

பத்தாவது வீட்டில், புறப்படும் முன், பாத்திரத்துக்குச் சரியான மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில்லாமல் மணிக்கணக்கில் கொதிக்கும் பாத்திரம் எந்த அடுப்பில் இருந்தாலும் விறகைத் தின்னும். அந்த வீட்டுக்கு உங்களால் உடனே கொடுக்க முடிவது ஒரு மூடியாகவும் இருக்கலாம். அதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மீண்டும் விறகை நிறுங்கள்.